சோப்பு, அரக்கு, ரப்பர்: பெட்ரோல் குழாயை வீட்டில் சரிசெய்த வரலாறு

டேங்கிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருள் போகும் குழாய், வாகனத்தின் மற்ற உறுப்புகளைப் பார்க்க மிக எளியது. உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லை. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு குழல், இரண்டு முனைகளிலும் இணைப்பு, அவ்வளவுதான். இதில் வரும் பழுதை வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கை மோட்டார் வாகனம் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. அது பெரும்பாலும் வீண்போகவில்லை. ஆனால் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் மாறியது. குழாய் செய்யும் பொருள் மாறியது. எரிபொருளின் சேர்மானமே மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், வீட்டில் தொடக்கூடிய வேலைக்கும் தொடக்கூடாத வேலைக்கும் இடையிலான கோடு நகர்ந்தது.

மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணத்திலேயே இந்தக் குழாய் மக்கர் செய்தது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல் அவர் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு, மகன்கள் இருவருடன் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். தூரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே அப்போது இல்லை. வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில், லிக்ராயின் என்ற பெட்ரோலிய வடிநீரை வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை உருவி அடைப்பைக் குத்தி எடுத்தார். வண்டி மீண்டும் ஓடியது. பட்டறையும் மெக்கானிக்கும் தோன்றுவதற்கு முன்பே, வீட்டுப் பொருளைக் கொண்டு எரிபொருள் குழாயைச் சரிசெய்யும் வழக்கம் தோன்றிவிட்டது.

அந்த வழக்கம் நிலைத்ததற்குக் காரணம் ஈர்ப்பு விசை. தொடக்ககால வண்டிகள் பலவற்றில் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. எரிபொருள் தன் எடையாலேயே இறங்கி வரும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான ஃபோர்டு 'மாடல் டி' காரின் டேங்க் பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்தது. டேங்கில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏறினால், எஞ்சின் டேங்கைவிட உயரமாகிவிடும், பெட்ரோல் வராது, வண்டி நின்றுவிடும். ஆகவே மேட்டைப் பின்பக்கமாக, ரிவர்ஸில் ஏறுவது அன்றைய ஓட்டுநர்களுக்கு வழக்கமான காரியம். 30 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும் பெட்ரோல் தரும் அழுத்தம் சுமார் 0.02 பார். கார் டயரில் அடிக்கும் காற்று ஏறக்குறைய 2 பார் என்பதால், இது அதில் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய அழுத்தத்தைத் தடுத்து நிறுத்தப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை.

குழாய் அப்போது செம்பாலானது. செம்பு கையால் வளையும், ஈயம் வைத்துப் பற்றவைக்க எளிது, துருப்பிடிக்காது. ஆனால் அதிர்வு அதற்கு ஆகாது. எஞ்சின் அதிர அதிரச் செம்பு மெல்ல மெல்ல இறுகும். இறுகியது ஒரு நாள் நட்டின் ஓரத்தில் மயிரிழையாக விரிசல் விடும். இதைத் தாமதப்படுத்தவே பழைய கார்களில் குழாயை ஒரு சுற்றுச் சுருளாக விட்டிருந்தார்கள். இறுகிய செம்பைச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் இளகும் என்பது கன்னார்கள் பாத்திரம் அடிக்கும்போது தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட உண்மை. அதையே மோட்டார் வைத்திருந்தவர்களும் செய்தார்கள்: குழாயைக் கழற்றி, பெட்ரோல் வாசம் போகும்வரை உலரவைத்து, காய்ச்சி, மறுபடி மாட்டினார்கள். டீசல் வண்டிகளில் குழாய் இணைப்புக்கு அடியில் வரும் செம்பு வாஷரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சித் திரும்பப் போடும் பழக்கம் அதன் தொடர்ச்சிதான்.

பற்றவைக்க வசதி இல்லாத இடத்தில் கைகொடுத்தது துணி துவைக்கும் பார் சோப்பு. சோப்பு நீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. விரிசல்மேல் அதை அழுத்தித் தேய்த்து, மேலே துணிக்கீற்றைச் சுற்றிக் கட்டினால் ஈர்ப்பு விசையில் வரும் பெட்ரோலை அது பல மைல்களுக்குத் தாங்கும். ஓட்டுநர்கள் பலரின் கருவிப் பெட்டியில் ஒரு சோப்புத் துண்டு கிடந்தது. டேங்கில் கல்பட்டு ஓட்டை விழுந்தாலும் அதே மருந்துதான். மழையில் நனைந்தால் கரைந்துபோகும் என்பது மட்டுமே அதன் குறை. ஊர் போய்ச் சேரும்வரை அது போதும்.

நிரந்தர இணைப்புகளுக்கு அரக்கு. மரையில் தடவி நட்டை முறுக்கினால், உலர்ந்தபின் பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடக் கசியாது. அரக்கு, பூச்சி சுரக்கும் பிசின். இந்தியக் காடுகளிலிருந்து உலகெங்கும் போன சரக்கு. தச்சர் அதைச் சாராயத்தில் கரைத்து மரச்சாமானுக்குப் பூசினார். மெக்கானிக் அதே கரைசலைப் பெட்ரோல் இணைப்புக்குப் பூசினார். சாராயத்தில் கரையும், பெட்ரோலில் கரையாது என்ற ஒரே குணத்தை நம்பித்தான் இந்தப் பயன்பாடு இருந்தது. பழைய ஃபோர்டு கார்களைப் புதுப்பிப்போர் இன்றும் அரக்கைக் கைவிடவில்லை. அந்தக் குணமே பின்னாளில் அதற்கு எதிரியாக மாறியது.

டேங்க் காரின் பின்புறத்துக்குப் போனபோது ஈர்ப்பு விசை உதவவில்லை. முதலில் விலையுயர்ந்த கார்களில் டேங்குக்குள் காற்றை அடித்துப் பெட்ரோலைத் தள்ளினார்கள்; அடிப்பதற்கான கைப்பம்ப் ஓட்டுநர் அருகிலேயே இருந்தது. பிறகு எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பெட்ரோலை முன்னே இழுத்துவரும் வெற்றிடத் தொட்டிகள் வந்தன. 1920களின் இறுதியில் எஞ்சினே இயக்கும் சவ்வுப் பம்ப் வந்து கார்களில் மற்ற முறைகளை மெல்ல ஓரங்கட்டியது. அதன் அழுத்தம் 0.2 முதல் 0.4 பார்; சோப்பின் சக்திக்கு மேல். இன்னொரு சங்கடமும் உடன் வந்தது. பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சுவதால், குழாயின் பின்பாதியில் ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகாமல் காற்று உள்ளே புகலாம். கசிவு கண்ணில் படாது. எஞ்சின் மட்டும் திணறும். முன்பு விரலால் தடவிக் கண்டுபிடித்த பழுதை இனி யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

கோடைக்காலத்தில் சங்கடம் இன்னும் கூடியது. எஞ்சின் சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிப் பம்ப் வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். இதைத் தடுக்க அமெரிக்காவில் துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை வரிசையாகப் பெட்ரோல் குழாயில் மாட்டினார்கள். அது எவ்வளவு பலன் தந்தது என்பது இன்றும் விவாதம்தான். 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை தயாரான அம்பாசடர் காரை ஓட்டிய தமிழ்நாட்டு டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணியைப் போர்த்தினார்கள். இதன் பலனில் சந்தேகமே இல்லை: துணியில் உள்ள நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்கிறது, பம்ப் குளிர்கிறது, வண்டி கிளம்புகிறது. மண்பானை நீரைக் குளிரவைக்கும் அதே விதி.

செம்பின் இடத்தைப் பிடித்தது எஃகு. டெட்ராய்ட்டில் ஹாரி பண்டி 1922-ல் தொடங்கிய நிறுவனம், செம்பு பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, உலையில் வைத்து ஒட்டிய குழாயைத் தந்தது. அது செம்புபோல அதிர்வில் விரிசல் விடவில்லை, விலையும் குறைவு. செம்புக்கு இன்னொரு குற்றமும் உண்டு: நீண்ட நாள் தேங்கிய பெட்ரோலில் பிசின் படிவதை அது துரிதப்படுத்தும். ஆகவே உலகின் கார்கள் பெரும்பாலும் எஃகுக்கு மாறின. அதற்கு ஈடாகத் துரு வந்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் வட அமெரிக்காவிலும் வட ஐரோப்பாவிலும் வண்டிக்கு அடியில் ஓடும் எரிபொருள் குழாய் அரித்துப்போவது மிகச் சாதாரணமான பழுது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று அதே வேலையைச் செய்கிறது.

வீட்டில் குழாயைச் சரிசெய்வது என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வரும் முறை இந்தத் துருவால் பிறந்தது: அரித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் ஒரு ரப்பர் குழாயால் இணைத்து, இருபுறமும் கிளாம்பு போட்டு முறுக்குவது. இதற்கு இரண்டு கண்டுபிடிப்புகள் தேவைப்பட்டன. முதலாவது கிளாம்பு. பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய லம்லி ராபின்சன் 1921-ல் காப்புரிமை பெற்ற, திருகினால் இறுகும் உலோகப் பட்டைதான் இன்று எல்லா ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் தொங்கும் கிளிப்பின் முன்னோடி. அதற்கு முன் கட்டுக்கம்பியைச் சுற்றிப் பிளையரால் முறுக்கினார்கள். கம்பி ரப்பரை அறுத்தது.

இரண்டாவது, பெட்ரோலைத் தாங்கும் ரப்பர். மரத்திலிருந்து எடுக்கும் ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பும். சைக்கிள் ட்யூப் துண்டை ஓர் இரவு பெட்ரோலில் போட்டுவைத்தால் காலையில் அது பருத்துத் தொளதொளவென்று ஆகியிருப்பதைக் காணலாம். அவசரத்துக்கு சைக்கிள் ட்யூபைச் சுற்றியவர்கள் மறுவாரமே மறுபடி கசிவைப் பார்த்தது இதனால்தான். 1930களில் ஜெர்மன் வேதியியலாளர்கள் உருவாக்கிய நைட்ரைல் ரப்பர் இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் கொண்டுவந்த ஃப்ளூரின் கலந்த ரப்பர் இன்னும் உறுதியானது, விலையும் அதற்கேற்ப. ரப்பர் ஒட்டு முறையில் ஒரு நுணுக்கத்தைப் பலர் தவறவிட்டார்கள். தொழிற்சாலையில் வரும் குழாய் முனையில் சிறு மேடு ஒன்று வளையமாகப் புடைத்திருக்கும். ரப்பர் நழுவாமல் பிடிப்பது அந்த மேடுதான். வெட்டிய குழாய் முனை வழவழப்பாக இருக்கும். கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் கூடும் ஒரு நாள் ரப்பர் கழன்றுகொள்ளும். வெட்டிய முனையில் மேடு எழுப்பாமல் செய்த ஒட்டு, அரைகுறை வேலை.

தமிழ்நாட்டில் இந்தக் கைவேலை வீடுதோறும் பரவியது காரால் அல்ல, இருசக்கர வாகனத்தால். 1955-ல் சென்னையில் புல்லட் உற்பத்தி தொடங்கியது. 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. இரண்டிலும் டேங்க் மேலே, பெட்ரோல் காக், அதிலிருந்து ஒரு சாண் ட்யூப், கீழே கார்புரேட்டர். மாடல் டி காலத்து ஈர்ப்பு விசைதான் மீண்டும். அந்த ட்யூப் பல வண்டிகளில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக்காக இருந்தது. பெட்ரோல் அதன் மென்மையை மெல்ல உறிஞ்சிவிடும். ட்யூப் மஞ்சளாகி, விறைத்து, செருகிய நுனியில் வெடிக்கும். பிளேடால் வெடித்த நுனியை அரை அங்குலம் நறுக்கி, மிச்சத்தை வெந்நீரில் முக்கி இளக்கி, மறுபடி செருகுவது அந்நாளில் பள்ளிப் பையன்களுக்கும் தெரிந்த வேலை. இரண்டு மூன்று முறை நறுக்கியபின் ட்யூப் எட்டாது. பிறகு அடியளவில் வாங்கிவர வேண்டும். சென்னையில் அதற்கு புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் பேர்போனவை. ட்யூபின் நிறத்தையும் உள்ளே ஏறும் காற்றுக் குமிழியையும் பார்த்தே அடைப்பு காக்கிலா, கார்புரேட்டரிலா என்று சொல்லிவிட முடிந்தது அந்த எளிய அமைப்பின் பெரிய நன்மை. வாயால் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கும் பழக்கமும் கூடவே வளர்ந்தது. ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தான அழற்சி வரும் என்பதால் அது ஒருபோதும் பின்பற்றத் தகாதது.

கிராமத்தில் வேறு கதை. டிராக்டர் டீசலில் ஓடுவது. டீசல் குழாயைத் திறந்தாலே காற்று புகுந்துகொள்ளும், எஞ்சின் கிளம்பாது. ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வரும்வரை வழியவிட்டு, திருகை இறுக்க வேண்டும். ஏர் எடுப்பது என்ற இந்த வேலையை உழவர்கள் வயலிலேயே கற்றுக்கொண்டார்கள். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் தடித்த எஃகுக் குழாயை மட்டும் யாரும் ஒட்டுப்போட முயலவில்லை. அதில் அழுத்தம் நூற்றுக்கணக்கான பார்; வெடித்தால் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை.

யாழ்ப்பாணத்தில் 1990களில் நடந்தது இந்த வரலாற்றின் தனி அத்தியாயம். போரின்போது 1990-ல் இலங்கை அரசு விதித்த பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெட்ரோல் வரவில்லை. மண்ணெண்ணெயும் அரிதாகவே கிடைத்தது. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, சூடான எஞ்சினில் ஓரளவு எரியும். ஆகவே மக்கள் டேங்கில் மண்ணெண்ணெயை நிரப்பி, சிறு போத்தலில் பொத்திப் பாதுகாத்த பெட்ரோலில் சில துளிகளை மட்டும் கார்புரேட்டருக்குள் விட்டு வண்டியைக் கிளப்பினார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய் பொறுப்பேற்றுக்கொண்டது. பழைய மொரிஸ் மைனரும் ஆஸ்டின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் இப்படிப் புகை கக்கிக்கொண்டு ஓடின. பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் முறை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் டிராக்டர்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்த ஒன்று. குடாநாட்டு மக்கள் அதைத் தொழிற்சாலை இல்லாமல், தடைக்கு நடுவே, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு தாமே செய்துகொண்டார்கள். தமிழர்களின் தொழில்நுட்ப வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

கார்புரேட்டரின் முடிவோடு வீட்டுப் பழுதின் பழைய காலமும் முடிவுக்கு வந்தது. போஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் செலுத்தி 1967-ல் ஃபோக்ஸ்வேகன் காரில் வந்தபோது, குழாயின் அழுத்தம் டயர் காற்றளவுக்கு ஏறியது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் பெரும்பாலான ஸ்கூட்டர்களும் பைக்குகளும்கூட இந்த முறைக்கு மாறின. அவற்றின் குழாயில் இப்போது சுமார் 3 பார். முன்பு சொட்டாக விழுந்த கசிவு இப்போது சூடான எஞ்சின்மேல் பீய்ச்சும் தாரை. எஞ்சினை அணைத்தபிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும் என்பதால், கழற்றுவதற்கு முன் அதை முறைப்படி இறக்க வேண்டும். 1997-க்குப் பிறகு கார்களில் பரவிய காமன் ரெயில் டீசல் எஞ்சினில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அதன் கசிவை விரலால் தேடினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அது அறுவைச் சிகிச்சையில் போய் முடியும் காயம்.

பொருளும் மாறியது. எஃகுக்குப் பதில் நைலான் குழாய். அதில் ஒரு வகையான நைலான்-11 ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யப்படுவது, உலக ஆமணக்கின் பெரும்பங்கு விளைவது இந்தியாவில். நைலான் துருப்பிடிக்காது, ஆனால் சோப்போ ஈயமோ எம்-சீல் பசையோ அதில் ஒட்டாது. நெருப்புக் காட்டினால் உருகிவிடும். முள்முள்ளாக வரிவிட்ட இணைப்பானை உள்ளே அழுத்திச் செருகுவதே அதன் ஒட்டு. முனைகளில் நட்டுக்குப் பதில் சொடக்கென்று மாட்டும் பிளாஸ்டிக் பூட்டு வந்துவிட்டதால் ஸ்பேனருக்கும் அங்கே வேலையில்லை.

ரப்பர் குழாயிலும் தரம் பிரிந்தது. அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்தின் ஜே30 தரப்பட்டியலில் ஆர்7 என்று அச்சிட்ட குழாய் கார்புரேட்டர் வண்டிக்கு. ஆர்9 செலுத்தி முறைக்கு. டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியே கிடக்க வேண்டிய இடத்துக்கு ஆர்10. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒரே கறுப்பு ரப்பர். ஆர்7 குழாயை டேங்குக்குள் போட்டால் அதன் வெளியுறை இளகி உதிர்ந்து, புதிய பம்பையே அடைத்துவிடும். இன்று வீட்டில் நடக்கும் தவறுகளில் பல கையின் தவறல்ல, இந்த அச்செழுத்தைப் படிக்காத தவறு.

கடைசி மாற்றம் எரிபொருளிலேயே வந்தது. பிரேசில் 1975-லேயே கரும்பு எத்தனாலைப் பெட்ரோலோடு கலக்கும் பெருந்திட்டத்தைத் தொடங்கிவிட்டது. இந்தியா 2022-ல் 10 சதவீதக் கலப்பை எட்டியது. 2023-ல் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. 2025-ல் அதுவே நாட்டின் பொதுப் பெட்ரோலானது. எத்தனால் என்பது ஆல்கஹால். தச்சர் அரக்கைக் கரைத்த அதே சாராயம். மாடல் டி காலத்திலிருந்து இணைப்புகளைக் காத்த அரக்கு இப்போதைய பெட்ரோலில் இளகுகிறது. சோப்பும் ஆல்கஹாலைத் தாங்காது. பழைய வகை ரப்பர் குழாய்கள் உட்புறத்திலிருந்து உப்பி, மிருதுவாகி, துகளாக உதிர்ந்து கார்புரேட்டரின் ஜெட் துளையை அடைக்கின்றன. 2023 ஏப்ரல் முதல் வெளிவரும் வண்டிகளின் குழாய்கள் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பொருளால் ஆனவை. அதற்கு முந்தைய வண்டிகள் எல்லாவற்றுக்கும் அந்த உறுதி கிடையாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, பத்தடி தள்ளியிருக்கும் பூஜை விளக்கையோ கேஸ் அடுப்பையோ தொட்டுத் திரும்பி வந்து பற்றும். ஆகவே வேலை திறந்த வெளியில், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே நடக்க வேண்டும். கார்புரேட்டர் வைத்த பழைய பைக்கோ காரோ வைத்திருப்போர், காக்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ட்யூபை இந்த வாரமே விரலால் அழுத்திப் பாருங்கள். ஒட்டினாலும், விறைத்திருந்தாலும், வளைவில் வெடிப்புத் தெரிந்தாலும், நுனியை நறுக்கிச் செருகாமல் எத்தனாலைத் தாங்கும் புது ட்யூபை முழு நீளத்துக்கு, புதுக் கிளாம்புகளோடு மாற்றுங்கள்.